தனித்துப்போன வீட்டுக் கோழிக்குத் துணை சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு மட்டக்களப்புக் களுதாவளையில். கத்தரித் தோட்டத்தை ஒட்டிய மணல் வளவு. நான்கு கோழி நின்ற கூட்டில் ஒரு மாரி முடிவதற்குள் சிவப்பி மட்டும் மிஞ்சியது. இரண்டைக் கீரி கொண்டுபோனது, ஒன்று முட்டை சிக்கிச் செத்தது. சிவப்பிக்குத் துணை சேர்க்கப் போய் முதல்முறை கெடுத்தேன், மறுமுறை சரிவந்தது. அதிலிருந்து அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக் கோழி தனித்துப் போனாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கேட்டதையும் சொன்னதையும் எழுதிவைத்தால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது. நான் மிருக வைத்தியர் இல்லை. நோய், வருத்தம் என்று வந்தால் உங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள்.

ஒரு கோழி தனியே நின்றால் என்ன? தீன் கிடைக்கிறது, முட்டை போடுகிறது, பிறகென்ன?

நின்றுவிடும், உயிருக்கு ஒன்றும் வராது. ஆனால் கோழி கூட்டமாக வாழும் உயிர். பருந்தின் நிழல் விழுந்தால் ஒன்று கத்தும், மற்றவை ஒதுங்கும். தனிக்கோழிக்கு அந்தக் கத்தலைக் கேட்க ஆள் இல்லை, எப்போதும் தானே தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தீன் எடுக்கிற நேரம் குறைகிறது. சிவப்பி குசினி வாசலை விட்டு நகரவில்லை. நான் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடி, விறகுக் கொட்டிலுக்குப் போனால் விறகுக் கொட்டில். பாசம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கென்னவோ அது பயம் என்றுதான் பட்டது.

கூட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். சில நாளைக்குப் பரவாயில்லை. சில கோழி அதன் பக்கத்தில் போய்ப் படுக்கும், சில அதைக் கொத்தும். துணைக் கோழிக்குப் பதிலாக அதை நினைக்காதீர்கள்.

ஒன்று வாங்கினால் போதுமா, இரண்டு வேண்டுமா?

இரண்டு. இதில் நான் பிடிவாதம். நான் முதலில் விட்ட பிழையே இதுதான்: சந்தையில் ஒரு விடலைப் பெட்டை வாங்கி, பின்னேரம் அப்படியே முற்றத்தில் விட்டேன். சிவப்பி இரண்டு மாதமாக முழு வளவையும் தனக்கென்று வைத்திருந்தது. வந்தது ஒன்றே ஒன்று, கொத்து முழுவதும் அதன் தலையில் விழுந்தது. இருட்டுவதற்குள் கொண்டை கிழிந்து, உரலுக்குப் பின்னால் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. அடுத்த நாள் பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாக வந்தால் கொத்தும் இரண்டாகப் பிரியும். அதைவிட முக்கியம், புதிய இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. அதனால் ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்த சோடியாக வாங்குங்கள். இரண்டு வீட்டில் ஒவ்வொன்று வாங்கினால் மூன்று அந்நியர்களை ஒரு கூட்டில் அடைத்த கதையாகிவிடும்.

எந்த வயது? ஊர்க்கோழியா, பண்ணைக்கோழியா?

உங்கள் கோழியின் உருவத்துக்குக் கிட்ட வந்ததை எடுங்கள். குஞ்சையோ அரைவாசி வளர்ந்ததையோ பெரிய கோழியோடு விட வேண்டாம். 16 கிழமைக்கு மேற்பட்டது என்றால் ஓரளவு தாங்கும், ஓடவும் தெரியும். முட்டைக்கு வரப்போகிற பருவம் நல்லது. பண்ணை இனங்கள் 18, 20 கிழமையில் முட்டைக்கு வரும், ஊர்க்கோழிக்கு ஆறு மாதம் பிடிக்கும்.

பண்ணைகளில் முட்டை குறைந்த கோழியைக் கழித்து விற்பார்கள். மலிவு என்று வாங்குவதற்கு முன் மூக்கை, அதாவது அலகை, பாருங்கள். மேல்மூக்கு வெட்டியிருந்தால் அது திருப்பிக் கொத்தாது, மண்ணில் கிடக்கிற சின்னத் தீனையும் சரியாகப் பொறுக்காது. பெரும்பாலும் கம்பிக் கூட்டிலேயே வாழ்ந்தது, தடியில் ஏறிப் படுக்கவும் தெரியாது. உங்கள் வீட்டில் மூக்கு வெட்டாத, முற்றத்தில் அடிபட்டு வளர்ந்த ஊர்க்கோழி நின்றால் இந்தச் சோடி பாவம். உங்களுடையதும் அப்படிக் கழித்து எடுத்ததுதான் என்றால் பிரச்சினை குறைவு. ஊர்க்கோழி நிறையில் குறைவுதானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள், சண்டையில் பண்ணைக்கோழி அதற்குக் கிட்ட நிற்காது.

கொண்டுவந்தவுடன் ஒரு கூட்டில் விட்டால் என்ன?

வருத்தம். சந்தையில் ஒரே கூடையில் பத்து வீட்டுக் கோழி கிடந்திருக்கும். ராணிக்கெட் என்ற கோழிக் கொள்ளைநோய் உள்ளே இருந்தால் இரண்டு நாளிலும் தெரியலாம், இரண்டு கிழமை கழித்தும் தெரியலாம். ஆகவே 3 முதல் 4 கிழமை தனியே வையுங்கள். கூட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி முடியுமோ அவ்வளவு தூரம், வளவின் மற்ற மூலையில். பழைய கோழிக்கு முதலில் தீன், தண்ணீர். மறுகாதான் புதியதுகளுக்கு. கையைக் கழுவுங்கள், செருப்பை மாற்றுங்கள். பேசினும் சிரட்டையும் இரண்டு பக்கத்துக்கும் வேறுவேறாக இருக்க வேண்டும்.

அந்த நாட்களில் பார்க்க வேண்டியவை: மூக்கில் சளி, முகவீக்கம், தும்மல், பச்சையாகக் கழிதல், கழுத்து திருகுதல், கொண்டையில் அம்மைக் கொப்புளம். ஒருநாள் பின்னேரம் பிடித்துக் கவிழ்த்து, வாலுக்குக் கீழே செட்டையை விலக்கிப் பாருங்கள். பேன் அங்கேதான் ஓடும், செட்டையின் அடியில் வெள்ளையாகக் கட்டிக்கட்டியாக முட்டை ஒட்டியிருக்கும். கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரவென்று இருந்தால் அது கால்சொறி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்றால் வருவது. தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடித்துப் பூசிவந்தால் மெல்ல மாறும்.

ராணிக்கெட் தடுப்பு மருந்து போட்டதா என்று விற்கிறவரைக் கேளுங்கள். தெரியாது என்றால் இந்த நாட்களிலேயே போட்டுவிடுங்கள். போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். தண்ணீரில் கலந்து கொடுக்கிற மருந்தென்றால் கிணற்றுத் தண்ணீர்தான் நல்லது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மருந்தைக் கெடுத்துவிடும்.

எங்கள் ஊரில் எல்லார் கோழியும் அவிழ்ந்துதான் திரிகிறது. இதில் தனியே வைத்து என்ன பலன்?

நியாயமான கேள்வி. வேலிக்குக் கீழால் பக்கத்து வளவுக் கோழி வந்து உங்கள் கோழியோடு மண் கிளறிவிட்டுப் போகிறதென்றால் அந்த வருத்தம் ஏற்கெனவே உங்களுடையதும்தான். ஆனால் சந்தைக் கூடையில் வருவது உங்கள் ஒழுங்கைக்குள் இதுவரை இல்லாத ஒன்றாக இருக்கலாம். அதை நீங்கள் கொண்டுவந்து முழு ஒழுங்கைக்கும் கொடுக்கத் தேவையில்லை. இன்னொன்று, அதே ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி வளர்ந்த கோழியை வாங்கினால் இந்தத் தலையிடி பாதியாகக் குறையும். சிவப்பிக்கு மறுமுறை நான் அப்படித்தான் எடுத்தேன்.

சரி, வருத்தம் இல்லை. எப்படிச் சேர்ப்பது?

பார்க்கட்டும், தொடக்கூடாது. இவ்வளவுதான் முறை, மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

கூட்டையோ முற்றத்தில் ஒரு பகுதியையோ கம்பி வலையால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் புதிய இரண்டும். ஒருகிழமை குறைந்தது, பத்து நாள் என்றால் இன்னும் நல்லது. கிடுகு மறைப்பு வேண்டாம், மறைத்தால் அறிமுகம் நடக்காது. கடற்கரைப் பக்கத்து ஆட்கள் பழைய மீன்வலையைக் கட்டிவிடுவார்கள், சும்மா கிடைக்கிறதே என்று. நைலோன் வலையில் நகம் மாட்டிக் கால் முறியும். தலையும் மாட்டும். கொஞ்சம் செலவழித்துக் கம்பி வலை வாங்குங்கள். இரவுக் கூட்டுக்கு மெல்லிய கோழிவலை போதாது, கீரியும் மரநாயும் அதைப் பிய்த்துவிடும். சின்னக் கண் வைத்த தடித்த வலை வேண்டும். வீட்டில் கரப்பு, அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை, இருந்தால் முதல் இரண்டு நாள் புதியதுகளை முற்றத்தின் நடுவில் கரப்பால் மூடி வைக்கலாம். பழையது சுற்றிச்சுற்றி வந்து பார்க்கும். ஆனால் அது பகலுக்கு மட்டும், நிழலில்.

தீன் பாத்திரத்தை வலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டி வையுங்கள். எதிரெதிரே நின்று தின்னட்டும். முதல் நாள் சிவப்பி வலையைக் கொத்தியே களைத்தது. நாலாம் நாள் பார்த்தேன், வலைக்கு அந்தப் பக்கம் இரண்டும் மண்குளிக்க, இந்தப் பக்கம் சிவப்பியும் குழி பறித்துப் படுத்திருந்தது. அதற்குப் பிறகும் ஒருகிழமை பொறுத்துத்தான் திறந்தேன்.

திறக்கிற நாளில் மூன்று விடயம். முதலாவது, கூட்டின் உள்ளமைப்பை மாற்றுங்கள்: தடியை வேறு பக்கம் கட்டுங்கள், முட்டைப் பெட்டியை நகர்த்துங்கள். பழையதுக்கும் இடம் கொஞ்சம் புதிதாகத் தெரிய வேண்டும். இரண்டாவது, தீனும் தண்ணீரும் மூன்று இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி. ஆறு சிரட்டை போதும், செலவே இல்லை. மூன்றாவது, ஒளிய இடம். ஒரு பக்கம் சாத்திய பலகை, கவிழ்த்த கூடை, வாழைக்குற்றி, எதுவும் சரி. ஆனால் முட்டுச்சந்தாக இருக்கக்கூடாது, ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே ஓட வழி வேண்டும். முதலில் பின்னேரம் ஒரு மணித்தியாலம், நீங்கள் அங்கேயே நின்றுகொண்டு. அடுத்த நாள் இரண்டு. அப்படியே கூட்டுங்கள்.

இடமும் பாருங்கள். கூட்டுக்குள் கோழிக்கு 4 சதுர அடி, அடைத்த முற்றம் என்றால் 10 சதுர அடி என்று கணக்கு வைப்பார்கள். எங்கள் வளவுகளுக்கு முற்றம் பிரச்சினை இல்லை. கூடுதான் பெட்டி மாதிரிக் கட்டியிருக்கிறோம்.

இரவில் தடியில் வைத்துவிட்டால் விடியச் சேர்ந்துவிடும் என்கிறார்களே?

அம்மம்மா காலத்து முறை. பொய்யில்லை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அடிபடாது. ஆனால் விடிந்ததும் ‘இது யார்’ என்று பார்க்கத்தான் போகிறது, அந்த நேரம் நீங்கள் நித்திரை. பெரிய கூட்டத்துக்குள் ஒன்றிரண்டை நுழைக்க இது பலிக்கும். தனிக்கோழி விடயத்தில் இதை மட்டும் நம்பினால் நடப்பது எனக்கு நடந்ததுதான். வலைக்கு அங்காலும் இங்காலும் பத்து நாள் வைத்த பிறகு, கடைசிப் படியாக இரவில் சேர்ப்பது மிக நல்லது. அடுத்த நாள் காலை ஐந்தரைக்குக் கூட்டடியில் நில்லுங்கள்.

அம்மம்மா புதுக்கோழியை அடுப்பைச் சுற்றி மூன்றுதரம் காட்டிவிட்டுத்தான் முற்றத்தில் விடுவா. வீட்டை மறக்காதாம். காலில் கயிறு கட்டி மூன்று நாள் மரத்தடியிலும் நிற்கும். வீட்டை மறக்காததற்குக் காரணம் கயிறா அடுப்பா என்று நான் கேட்டதில்லை.

கொத்துகிறது! பிரிக்கவா?

கொத்தாமல் சேராது. கோழிகளுக்குள் யார் முதல், யார் இரண்டாவது என்று ஒரு வரிசை உண்டு. சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் குறித்துவந்த தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே என்ற நோர்வேக்காரர் 1921இல் அதை ஆய்வாகவே எழுதினார். அந்த வரிசை தீர்மானமாகும் வரை கொத்து இருக்கும், தீர்ந்ததும் ஒரு முறைப்பு போதும்.

தலையில் ஒரு கொத்து, நாலடி துரத்தல், செட்டையைச் சிலிர்த்துக்கொண்டு முகத்துக்கு முகம் நிற்றல்: விட்டுவிடுங்கள். கைக்கு அரிக்கும், ஆனால் நடுவில் புகுந்தால் நாளைக்கு முதலிலிருந்து தொடங்கும். கீழே போட்டு ஏறி நின்று விடாமல் கொத்துதல், இரத்தம், புதியது நாள் முழுக்க மூலையை விட்டு வராமை, இவற்றுக்குப் பிரியுங்கள். சந்தேகம் என்றால் இரவில் புதியதைத் தூக்கிக் கழுத்தடியில் இரை சேரும் பையைத் தடவுங்கள். நிறைந்து உருண்டையாக இருந்தால் பகலில் தின்றிருக்கிறது, பயமில்லை. வெறுமையாக இரண்டு நாள் தொடர்ந்தால் அதைத் தின்னவிடவில்லை என்று அர்த்தம்.

பிரிக்கும்போது அடி வாங்கியதை எடுக்காதீர்கள், அடித்ததை எடுங்கள். சிவப்பியை மூன்று நாள் கரப்புக்குள் போட்டேன். அதற்குள் புதிய இரண்டும் முற்றத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. வெளியே விட்டபோது சிவப்பிதான் கொஞ்சம் விருந்தாளி மாதிரி நின்றது.

இரத்தம் வந்துவிட்டது.

உடனே தனியே எடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது, அதுவரை சும்மா நின்றதும் வந்து கொத்தும். உப்புத் தண்ணீரால் கழுவி, மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். ஈ மொய்க்கிற காலமென்றால் வேப்பெண்ணெய் கலந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் புழு வைத்துவிடும். காயம் காய்ந்து கறுக்கும் வரை திருப்பி விட வேண்டாம். ஆனால் முழுக்க மறைத்தும் வைக்காதீர்கள், வலைக்கு மறுபக்கம் கண்ணுக்குத் தெரியட்டும். இரண்டு மூன்று கிழமை காணாமல் இருந்தால் ஒன்றாய் வளர்ந்த கோழியையே அந்நியமாகக் கொத்தும். நோய்க்காகத் தனியே எடுத்த கோழிக்கும் இதே கதை.

தீன் வேறுவேறாகக் கொடுக்க வேண்டுமா?

முட்டைக்கு வராத கோழிக்கு லேயர் தீன், அதாவது முட்டைக்கோழித் தீன், கூடாது. அதில் 3.5 முதல் 4 வீதம் கல்சியம், வளருகிற கோழியின் சிறுநீரகம் அதைத் தாங்காது. எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீனையே போட்டு, முட்டையிடும் பழைய கோழிக்கு இடித்த மட்டிச் சிப்பியைத் தனிச் சிரட்டையில் வையுங்கள். வாவிக்கரை ஊர்களில் மட்டிக்குப் பஞ்சமில்லை. தேவையானது தின்னும், தேவையில்லாதது தொடாது. குறுணலும் தேங்காய்ப்பூவும் மட்டும் போட்டு வளர்க்கிற வீடுகளில் இந்தக் கவலையே இல்லை. முட்டைதான் கொஞ்சம்.

என் தனிக்கோழி அடைக்குக் கிடக்கிறது. குஞ்சு வைக்கலாமா?

ஓம், அதைவிட நல்ல வழி இல்லை. துணையைத் தானே வளர்த்துக்கொள்ளும், அறிமுகம், வலை, சண்டை ஒன்றும் தேவைப்படாது. பண்ணை இனங்கள் அடைக்குக் கிடப்பது அரிது. ஊர்க்கோழி கிடக்கும்.

சேவல் இல்லாத வளவில் அதன் முட்டை பொரிக்காது. சேவல் நிற்கிற வீட்டில் பத்து முட்டை வாங்கி வையுங்கள், 21 நாள். அல்லது பொரித்து ஒன்றிரண்டு நாளான குஞ்சைக் கொண்டுவந்து இரவில் வயிற்றுக்குக் கீழே வையுங்கள். கோழி குறைந்தது இரண்டு கிழமையாவது அடைக்குக் கிடந்திருக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழ் உள்ள முட்டையை அதே நேரம் எடுத்துவிடுங்கள். குஞ்சுக்கு மூன்று நாலு நாளுக்கு மேல் வயது போயிருந்தால் அதுவும் இதைத் தாய் என்று எடுக்காது, இதுவும் அதைப் பிள்ளை என்று எடுக்காது. விடியப் போய்ப் பாருங்கள். செட்டைக்குள் இருந்து சின்னத் தலை எட்டிப் பார்த்து, தாய் மெல்லக் கொக்கரித்தால் வேலை முடிந்தது. குஞ்சைக் கொத்தினால் அந்த நிமிடமே எடுத்துவிடுங்கள்.

இரண்டு கஷ்டம் உண்டு. பொரிப்பதில் பாதி சேவலாக வரும். காகமும் பருந்தும் கீரியும் கடந்து எத்தனை மிஞ்சும் என்று எண்ண முடியாது. ஆறு குஞ்சு வைத்தால் இரண்டு பெட்டை நிற்கும் என்று மனதில் வைத்துக்கொள்வது என் கணக்கு.

சேவலைத் துணையாக விடலாமா?

ஒரு பெட்டைக்கு ஒரு சேவல் கூடாது. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று என்பதுதான் அளவு. ஒன்றே நின்றால் ஏறி ஏறி முதுகுச் செட்டை எல்லாம் உதிர்ந்து தோல் கிழியும்.

தாரா, வான்கோழி, கினிக்கோழி?

ஏறாவூரில் இருந்து ஒரு ராத்தா தாராவைப் பற்றிக் கேட்டா. பகலில் ஒரே வளவில் திரியலாம். இரவில் ஒரே கூடு வேண்டாம், தாரா தண்ணீரைக் கலக்கிக் கூட்டைச் சேறாக்கும். ஆண் தாரா கோழியின் மேல் ஏறினால் கோழிக்கு உள்ளே காயம் படும். வான்கோழியைச் சேர்க்காதீர்கள். கோழி தனக்கு ஒன்றும் ஆகாமல் காவுகிற ஒரு குடல் நோய் வான்கோழியைக் கொன்றுவிடும். கினிக்கோழிக்குத் துணை தேவையில்லை, அடிமைதான் தேவை.

எந்த மாதத்தில் சேர்ப்பது?

மாசி, பங்குனி. கார்த்திகை, மார்கழி மழையில் வேண்டாம்: நனைந்த தீன், சேறு, நுளம்பு பரப்பும் அம்மை, போதாததற்குப் புதியதுகளை வைக்கத் தனி இடம் தேடுவது. 2011 தை மாத வெள்ளத்தில் கோழிக்கூட்டைக் கதிரைக்கு மேல் ஏற்றி வைத்த வீடு எங்களுடையது, அந்த நேரம் புதுக்கோழி என்ற பேச்சே வராது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களிமண், இன்னும் பொல்லாதது. கச்சான் காற்று அனல் பறக்கிற மாதங்களிலும் தள்ளிப்போடுங்கள். வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற கோழிக்குத் துரத்தலும் சேர்ந்தால் விழுந்துவிடும்.

சேர்த்த நாளிலிருந்து பழையது முட்டை போடவில்லை.

போடும். சில நாளும் ஆகலாம், மூன்று கிழமையும் ஆகலாம்.

என் தனிக்கோழி சேவல் மாதிரிக் கூவுகிறது. வீட்டுக்கு ஆகாது, அறுத்துவிடு என்கிறார்கள்.

பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாது என்று பழமொழியே இருக்கிறது, பாவம் அதற்கு. கோழிக்கு வேலை செய்வது இடப்பக்க முட்டைப்பை ஒன்றுதான். அது நோயால் கெட்டுப்போனால் பெண் சுரப்பு குறைந்து, கொண்டை பெருத்துக் கூவத் தொடங்கும். ஒன்றும் இல்லாமல், சேவல் இல்லாத வளவில் முதலிடத்தில் நிற்பதாலும் சில கூவும். துணை சேர்ந்த பிறகும் கூவினால் கூவட்டும்.

என் கோழிக்கு வயது போய்விட்டது. ஏழு வருடம். அதற்கும் துணை தேடவா?

கண் மங்கி, நடை தளர்ந்த கோழியோடு விடலைகளைச் சேர்த்தால் இந்தமுறை அடி வாங்கப்போவது உங்கள் கோழி. அதை அப்படியே விடுங்கள். காரைதீவில் எங்கள் மச்சாள் அப்படி ஒன்று வைத்திருக்கிறா. பகலில் அவ தையல் மெசினுக்குக் கீழே, வெட்டுத்துணி மேல் படுத்திருக்கும். மெசின் ஓடினால் கண்ணை மூடும், நின்றால் தலையைத் தூக்கிப் பார்க்கும். இரவில் அதற்குக் குசினிக்குள் ஒரு கூடை. முட்டை நின்று இரண்டு வருடமாம்.